அம்மாச்சி தைத்த புத்தகங்கள்: பதினோராவது கட்டு

பதினோராவது புத்தகத்துக்கு நேற்று அட்டை போட்டு முடித்தேன். அம்மாச்சியின் தகரப் பெட்டியில் இருந்த, சிதைந்துபோன பழைய புத்தகங்கள் இருபத்து மூன்று. ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டி வருகிறேன். இன்னும் பன்னிரண்டு மிச்சம்.

அம்மாச்சி 1971 முதல் 2003 வரை கிளை நூலகராக வேலை பார்த்தார். மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் ஒரு சிறிய ஊர். வாடகைக்கு எடுத்த ஓட்டுக் கட்டடம், நான்கு பெஞ்சுகள், நாளிதழ்களை விரித்து வைக்கச் சாய்வாக ஒரு மேசை. போன ஆடியில் அவர் காலமானார். காரியம் முடிந்து பொருள்களைப் பிரித்துக்கொண்டபோது நான் அந்தப் பெட்டியை மட்டும் கேட்டு வாங்கினேன். புத்தகங்களோடு ஒரு குத்தூசி, பாதி தேய்ந்த தேன்மெழுகுக் கட்டி, தாளின் மடிப்பைத் தேய்த்து அழுத்துகிற மூங்கில் பட்டை, மூலைகளில் நான்கு துண்டு வசம்பு. வசம்பின் வாசனை இன்னும் போகவில்லை.

புத்தகங்கள் இப்படிச் சிதைந்ததற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அம்மாச்சி வீட்டின் ஓடுகள் பறந்து, சுவர் அலமாரி முழுக்க மழைநீர் இறங்கியது. தேசிய நூலக வாரம் நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தென்னை எல்லாம் சாய்ந்து, மின்சாரம் இல்லாமல் ஊரே தவித்துக்கொண்டிருந்தபோது, எழுபத்து மூன்று வயதில் அவர் நனைந்த புத்தகங்களைத் திண்ணையில் நிறுத்தி வைத்துக்கொண்டிருந்தார். நான் வெயிலில் காயவைக்கப் போனேன். “வேண்டாம் தம்பி, வெயில் பட்டால் தாள் முறுகிவிடும். நிழலில் நிறுத்து” என்றார். பத்துப் பத்துப் பக்கங்களுக்கு நடுவே பழைய நாளிதழைச் செருகி, அது ஈரத்தைக் குடித்ததும் மாற்றினார். ஒரு வாரம் அதே வேலை. அவர் காப்பாற்றியவைதான் இந்த இருபத்து மூன்றும். மற்றவை கூழாகிவிட்டன.

கட்டும் வேலையில் முதலில் பசை. மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கை விடாமல் கிளற வேண்டும். வெள்ளை நிறம் மாறிக் கஞ்சி போலக் கண்ணாடிப் பதம் வந்ததும் இறக்கி, துணியில் வடிகட்டிவிட்டால் திரிதிரியாக நிற்காது. பூச்சி வராமல் இருக்க அம்மாச்சி ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார். அது நஞ்சு. வீட்டில் குழந்தை இருப்பதால் நான் சேர்ப்பதில்லை. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சிக்கொள்கிறேன்.

முதல் புத்தகம் கெட்டுப்போனது. கட்டி முடித்த மறுநாள் காலையில் அட்டை அப்பளம் போல வளைந்து நின்றது. காரணம் புரிய இரண்டு வாரம் ஆனது. தாளுக்கும் அட்டைக்கும் நார் ஓடுகிற திசை ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அந்த நாருக்குக் குறுக்கேதான் அகலத்தில் விரியும். நார் புத்தகத்தின் முதுகோடு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். நான் குறுக்காக வெட்டியிருந்தேன். இப்போது ஒவ்வொரு தாளிலும் ஒரு சிறு துண்டை நனைத்துப் பார்க்கிறேன். சுருளும்போது அது ஒரு குழாய் போல ஆகிறதல்லவா, அந்தக் குழாயின் நீளவாக்குதான் நாரின் திசை. பசை போட்டபின் அம்மிக்கல்லை மேலே ஏற்றி இரண்டு நாள் தொடாமல் விடுகிறேன்.

செலோடேப் விஷயத்தில் அம்மாச்சிக்கு இருந்த கோபம் எனக்கும் வந்துவிட்டது. நான்காவது புத்தகத்தில் யாரோ ஒட்டியிருந்த டேப் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஆனால் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் பட்டையாக நிற்கிறது. அந்தக் கறையை என்னால் எடுக்க முடியவில்லை.

ஏழாவது புத்தகத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். அது பெரிய எழுத்தில் அச்சான ஒரு சிறுவர் கதைத் தொகுதி. ஏற்கெனவே ஒருமுறை அம்மாச்சி கட்டியது. முதுகுத் துணி பிய்ந்து தொங்கியதால், ஈரப் பஞ்சால் பழைய பசையை ஊறவைத்து மெல்ல உரித்தேன். உள்ளே முதுகுக்கு வலுவாக அவர் ஒட்டியிருந்த தாள் பட்டை வெளியே வந்தது. கட்டம் போட்ட நோட்டுத் தாள். பென்சிலில் வகுத்தல் கணக்கு. மீதி 4 என்று எழுதி, அதை அடித்துவிட்டு 3 என்று எழுதியிருந்தது. அந்த 4 மேலே மூடிய நான்கு. என் அம்மா இன்றும் பால் கணக்கை அப்படித்தான் எழுதுகிறார்.

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. “ஐந்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு. காணவில்லை என்று அழுதேனே” என்றார். பிறகு சிறிது நேரம் இருவருமே பேசவில்லை.

அதோடு என் வேலை முறை மாறிவிட்டது. அதுவரை பழைய தையலை அறுத்து, பாரம் பாரமாக (சேர்த்து மடித்த தாள்களின் ஒரு கொத்துதான் பாரம்) பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது முதலில் எது அம்மாச்சியின் தையல் என்று பார்க்கிறேன். ஒவ்வொரு பாரத்தின் முடிவிலும் நூலை இரண்டு முறை சுற்றி முடிச்சிடுவது அவர் வழக்கம். அது உறுதியாக இருந்தால் தொடுவதில்லை. தளர்ந்த இடத்தில் மட்டும் மெழுகிட்ட புது நூலைப் பக்கத்துத் துளையில் விட்டு இழுத்துப் பிடிக்கிறேன். கணக்குத் தாளையும் அதே முதுகில் திரும்ப ஒட்டிவிட்டேன். அம்மா அப்படித்தான் செய்யச் சொன்னார்.

தைக்கும்போது அவர் நினைவு வந்துகொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. கிழிந்தவற்றை வியாழன் மாலையே துணிப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மறுநாள் கூடத்தில் பாய் விரித்துத் தைப்பார். அதற்கென்று யாரும் அவருக்குக் கூலி தந்ததில்லை. நூலக வாசலில் தயங்கி நிற்பவர்களிடம், “வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். உங்கள் காசில் வாங்கிய புத்தகம், உள்ளே வந்து படியுங்கள்” என்பார். அந்த வரிக்கு வழிசெய்தது 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சட்டம் பிறக்க உழைத்தவர் சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதில் அம்மாச்சிக்குத் தனிப் பெருமை. 1931-இல் மன்னார்குடி மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போனதையும் அடிக்கடி சொல்வார். அவருடைய அப்பா சிறுவனாக அந்த வண்டியின் பின்னால் ஓடியிருக்கிறாராம்.

பத்தாவது, பதினோராவது புத்தகங்களில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீலக் காலிகோ துணி கிடைத்தது. மூலை மடிப்பு இப்போது சுத்தமாக வருகிறது.

அடுத்தது அகராதி. தொள்ளாயிரம் பக்கத்துக்கு மேல். முதுகு முழுவதும் போய்விட்டது, நடுவில் இராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டை நாற்பது தாளைத் தாண்டிப் போகிறது. தையல் மட்டும் அம்மாச்சியுடையது, பாதிப் பாரங்களில் இன்னும் இறுக்கமாக இருக்கிறது. அந்தப் பாதியைப் பிரிக்காமல் மீதியை எப்படிச் சேர்ப்பது என்று மூன்று நாளாகத் தாளில் வரைந்து பார்க்கிறேன். நூலுக்கு மெழுகு போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தொடங்கலாம்.