கயிறு பிடிப்பவன் பார்வையில் ஸ்கூபா செட்

பெங்களூரில் எங்கள் தன்னார்வ மீட்புக் குழுவுக்குச் சொந்தமாக ஸ்கூபா செட், அதாவது தண்ணீருக்கு அடியில் சுவாசிக்கும் கருவி, வாங்குவது பற்றி ரொம்ப நாளாகப் பேச்சு. இப்போது ஒரு பெரியவர் பணம் தர முன்வந்திருக்கிறார். அதனால் பேச்சு சூடாகிவிட்டது. குழுவில் இளையவர்கள் எல்லோரும் சின்ன செட்தான் வேண்டும் என்கிறார்கள். மூன்று லிட்டர் காற்று சிலிண்டர், அதை மாட்டும் ஒரு வெஸ்ட், வாயில் கடித்துச் சுவாசிக்கும் ஒரு ரெகுலேட்டர். தோளில் மாட்டினால் ஒரு நிமிடத்தில் தண்ணீரில் இறங்கிவிடலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதி யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. முழுசாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. வீடு அல்சூரில். ஸ்கூபா கற்றது பெங்களூர் நீச்சல் குளத்தில், கடலில் இறங்கிப் பழகியது முருடேஷ்வர் பக்கம் நேத்ராணித் தீவில். ஆனால் குழுவில் என் வேலை பெரும்பாலும் கரையில்தான். கீழே போகிறவரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவர் என்ன மாட்டியிருக்கிறார், எது எதில் சிக்கும், எத்தனை நிமிடம் தாங்கும் என்பதெல்லாம் கயிற்றின் இந்த முனையில் இருப்பவனுக்குத்தான் முதலில் கவலை.

நேத்ராணியில் டைவ் செய்தவர்கள் ஊர் ஏரியை அந்தக் கண்ணோடு பார்க்கக்கூடாது. அங்கே மீன் தெரியும், நண்பனின் முகம் தெரியும். இங்கே இரண்டாவது மீட்டரிலேயே கையை முகத்துக்கு முன்னால் வைத்தாலும் தெரியாது. கலக்கல் தண்ணீர், அதற்குக் கீழே இடுப்பளவு சேறு. ஆகாயத்தாமரை வேர், நைலான் மீன்வலை, விநாயகர் சதுர்த்திக்குக் கரைத்த சிலைகளின் மூங்கிலும் கம்பியும். அல்சூரில் விசர்ஜனத்துக்கு, அதாவது சிலை கரைக்க, தனியாகக் கல்யாணி என்னும் படிக்குளம் கட்டியிருக்கிறார்கள், எல்லா ஏரியிலும் அந்த வசதி இல்லை. ஊருக்கு வெளியே போனால் கல் குவாரிக் குட்டைகள். அவை வேறு மாதிரி. தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் கரையிலிருந்து ஓரடி தள்ளினாலே நேராகப் பாதாளம். குளிக்கப் போன பிள்ளைகள் சாவது பெரும்பாலும் அங்கேதான்.

சரி, சின்ன செட்டின் கணக்குக்கு வருவோம். மூன்று லிட்டர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் 600 லிட்டர் காற்று. பயமும் வேலையும் சேர்ந்த நேரத்தில் ஒருவர் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பது சாதாரணம். குவாரியில் பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால் செலவும் இரண்டு மடங்கு. 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டால் மிச்சம் ஆறு நிமிடம்கூட இல்லை. இறங்க ஒரு நிமிடம், நிதானமாக ஏற ஒரு நிமிடம். தேடுவதற்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அதுவும் எதிலும் சிக்காமல் இருந்தால். வலையில் கால் மாட்டினால் அந்தச் சில நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வெஸ்டில் இரண்டாவது காற்று கிடையாது.

பன்னிரண்டு லிட்டர் சிலிண்டர் என்றால் 2400 லிட்டர். 70 பார் மிச்சம் வைத்தாலும் அதே ஆழத்தில் ஏறத்தாழ இருபது நிமிடம் கிடைக்கும். ஒரு டைவரை அடியில் இருபது நிமிடத்துக்கு மேல் வைக்காமல் மாற்றிவிடுவது வெளிநாட்டு மீட்புக் குழுக்கள் பலவற்றின் பழக்கம். சிலிண்டரும் அதற்குச் சரியாக இருக்கிறது.

"பெரிய செட்டை மாட்டும் நேரத்தில் ஒரு உயிர் போய்விடுமே அண்ணா" என்று தம்பிமார் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். மூச்சு நின்ற பிறகு நான்கிலிருந்து ஆறு நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். பனி உறையும் குளிர்நீரில் முழுகியவர்கள் வெகு நேரம் கழித்துப் பிழைத்ததுண்டு, நம் ஊர்த் தண்ணீரில் அந்தச் சலுகை இல்லை. நமக்குச் செய்தி வந்து, சில்க் போர்டு நெரிசலையோ ஹெப்பாள் நெரிசலையோ தாண்டி வண்டி போய்ச் சேரும்போது அந்த நேரம் எப்போதோ கடந்திருக்கும். நாம் பெரும்பாலும் கொண்டுவருவது உடலைத்தான். கரையில் காத்திருக்கும் அம்மாவுக்கு அதுவும் பெரிய உதவி. ஆனால் அதற்காக நம் ஆள் ஒருவர் கீழேயே தங்கிவிடக்கூடாது.

சின்ன செட் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் ஏற்கெனவே கரையில் நிற்கும் நாட்கள் உண்டு, விசர்ஜன இரவு போல. ஆள் விழுந்த இடம் கண்ணுக்கு முன்னால், ஆழம் குறைவு. அங்கே அது உயிர் காக்கும். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் மழைநீர் நிறைந்து, காரில் சிக்கிய ஒரு இளம்பெண் இறந்துபோனார். அப்படி ஒரு இடத்தில், காரும் அங்கேயே, தூரமும் சில அடிகள் என்னும்போது, கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் சின்ன சிலிண்டரும் வைத்திருக்கும் ஆள் நிறையச் செய்ய முடியும். அதனால் சின்ன செட் இரண்டாவதாக வரட்டும், முதலில் வேண்டாம்.

அடுத்தது, தோளில் மாட்டும் பிசிடி, அதாவது சிலிண்டரைத் தாங்கி, காற்றடைத்தால் மிதக்கவைக்கும் அங்கி. ஸ்கூபா பள்ளிகளில் கொடுக்கும் ஜாக்கெட் பிசிடிதான் எங்களில் பலருக்குப் பழக்கம். பையும் கொக்கியும் நிறைய, ஆக்டோபஸ் (அடுத்தவருக்குக் கொடுக்கும் உபரி ரெகுலேட்டர்) ஒரு பக்கம் தொங்கும், காற்றழுத்தம் காட்டும் கேஜ் ஒரு பக்கம் தொங்கும். கடலில் பரவாயில்லை. வலை கிடக்கும் சேற்றில் தொங்குவதெல்லாம் தூண்டில். முதுகுத் தகடான பேக் பிளேட்டும் அதன் பின்னால் இருக்கும் காற்றுப்பையான விங்கும் நெஞ்சைச் சுத்தமாக விட்டுவிடும், உறுதியும் அதிகம். ஆனால் ஒரே நீளப் பட்டையால் செய்த அதன் ஹார்னஸை அவசரத்தில் கழற்றுவது கஷ்டம், பட்டையை அறுக்கத்தான் வேண்டும். ஜாக்கெட்டில் கிளிப்பைத் தட்டினால் போதும். நான் ஜாக்கெட்டுக்கே ஓட்டுப் போடுகிறேன், பைகளைத் தைத்து மூடி, ஹோஸ் குழாய்களை உடம்போடு ஒட்டிக் கட்டிய பிறகு.

எதை வாங்கினாலும் சரி, கயிற்றை மட்டும் பிசிடியில் கட்டாதீர்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ராணுவத்தின் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்சூர் ஏரிக்கரையில்தான் அவர்களுடைய மையம். அங்கே சிப்பாய்களைத் தம்பி என்று அழைப்பது வழக்கம், எங்களையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். கனகபுரா ரோடு பக்கம் ஒரு பழைய குவாரியில் பயிற்சி. கீழே போனவரின் சிலிண்டர் வால்வில் வேண்டுமென்றே பழைய வலை ஒன்றைச் சுற்றிவிட்டார். மாஸ்க்கில் கறுப்புத் துணி. டைவர் கையை முதுகுப்பக்கம் கொண்டுபோய்த் துழாவினார், எட்டவில்லை. முறைப்படி ரெகுலேட்டரை வாயிலேயே கடித்துக்கொண்டு, கிளிப்பை விட்டு, பிசிடியைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து வலையை அறுத்தார். கயிறு பிசிடியில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் நான் பிடித்திருப்பது வெறும் சிலிண்டரை. பிசிடிக்குள்ளே தனியாக ஒரு நெஞ்சு ஹார்னஸ் போட்டு, அதன் வளையத்தில் காரபினர் கொக்கியைப் பூட்டியிருந்ததால் ஆள் என் கையிலேயே இருந்தார். அவருடைய ஒவ்வொரு அசைவும் கயிற்றில் தெரிந்தது, கத்தரிக்கோலை எடுக்க முழங்கையை மடக்கியதுகூட.

"தம்பி, கயிறு தொய்வா இருந்தா அவன் நாலு தடவை இழுத்தாலும் உன் கைக்கு வந்து சேராது. இறுக்கவும் கூடாது, விடவும் கூடாது" என்றார் சுபேதார். எங்கள் சைகைகள் சுலபம். ஒரு இழுப்பு, நன்றாக இருக்கிறேன். இரண்டு, கயிறு விடு. மூன்று, கிடைத்துவிட்டது. நான்கு, ஆபத்து. வேறு குழுக்களில் வேறு மாதிரி இருக்கும். கூட்டாகப் போகும் இடத்தில் இறங்கும் முன் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

வெட்டும் கருவி இரண்டு வேண்டும், எந்தக் கையாலும் எட்டும்படி. ஆம்புலன்ஸில் துணி வெட்டும் கத்தரிக்கோல்தான் நைலானுக்குச் சிறந்தது. காலில் கட்டும் பெரிய கத்தி பார்க்கத்தான் அழகு.

முழு முக மாஸ்க் பற்றி நிறையச் சொல்லலாம். கழிவுநீர் கலக்கும் ஏரியில் வாயில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு இறங்குவது நோயை விழுங்குவதற்குச் சமம். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. முழு முக மாஸ்க் வாயையும் மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடும். சில மாடல்களில் வெளிக்காற்றைச் சுவாசிக்க ஒரு சின்னத் திறப்பு உண்டு. மாஸ்க்கோடு முழுத் தயாராகக் கரையில் உட்கார்ந்திருக்கலாம், சிலிண்டர் காற்று குறையாது. இளையவர்கள் கேட்கும் வேகம் இங்கேயே இருக்கிறது. ஒயர் உள்ள கயிறாக இருந்தால் டைவரின் மூச்சு என் ஹெட்போனில் கேட்கும். மூச்சு வேகமெடுப்பது காதில் விழுந்த உடனே, கயிறு இழுபடும் முன்பே, "நில், ரெண்டு மூச்சு நிதானமா விடு" என்று சொல்லலாம். கேஜைப் படிக்க முடியாத தண்ணீரில் நேரத்தையும் மூச்சையும் வைத்துக் கரையில் இருப்பவன்தான் காற்றுக் கணக்குப் பார்க்க வேண்டும். (சுத்தமான தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையை மாஸ்க்குக்கும் கேஜுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்தால் கலக்கலிலும் முள் தெரியும். செலவில்லாத வழி, அவசியம் பழகுங்கள்.)

குறைகளும் சின்னவை அல்ல. ஒரு மாஸ்க் லட்சத்தைத் தொடுகிறது. காது அடைப்பு நீக்க மூக்கை அழுத்தும் பட்டையை ஒவ்வொருவர் மூக்குக்கும் தனியாக அமைக்க வேண்டும், அவசரத்தில் கைமாற்ற முடியாது. தாடி வைத்தவருக்கு ஓரத்தில் தண்ணீர் கசியும். எல்லாவற்றையும்விட முக்கியம், காற்று தீர்ந்தால் அடுத்தவரின் ஆக்டோபஸை வாயில் வைக்க முடியாது, முகமே மூடியிருக்கிறதே. அதனால் போனி எனப்படும் அவசரத்துக்கான சின்ன சிலிண்டரும், ஒரு குமிழைத் திருப்பினால் அதற்கு மாறும் ஸ்விட்ச் பிளாக்கும் இல்லாமல் இந்த மாஸ்க்கை வாங்கவே கூடாது. தம்பிமார் ஆசைப்படும் அந்த மூன்று லிட்டர் சிலிண்டருக்கு உண்மையான இடம் இதுதான்.

சிலிண்டரை முதுகில் அல்லாமல் பக்கவாட்டில் கட்டும் சைட்மவுண்ட் பற்றியும் கேட்டார்கள். 2018இல் தாய்லாந்து தாம் லுவாங் குகையில் பிரிட்டிஷ் டைவர்கள் விலாப்பக்கம் சிலிண்டர் கட்டித்தான் போனார்கள். குறுகிய கிணற்றுக்கும் உதவும், சிலிண்டர்களைத் தனியாகக் கயிற்றில் இறக்கிவிடலாம். ஆனால் பழகாதவருக்குக் கட்டிக்கொள்ளவே நேரமாகும். இப்போதைக்கு வேண்டாம்.

தீயணைப்புக் காரர்கள் முதுகில் மாட்டும் காற்று செட்டை மாற்றிப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கூடவே கூடாது. அது புகைக்குச் செய்தது. அதன் கார்பன் ஃபைபர் சிலிண்டர் தண்ணீரில் மிதக்கும்.

எடையிலும் ஒரு விஷயம். கடலுக்குக் கட்டிய அதே எடையை நன்னீரில் கட்டினால் கூடிப்போகும். ஆளும் கருவியும் சேர்ந்து நூறு கிலோ என்றால் இரண்டரை கிலோ வரை குறைக்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது ஒன்றரை கிலோ அளவுக்கு மேலே தூக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. ஆழமான குவாரியில் கடல்மட்டத்து டைவிங் அட்டவணையை வைத்துக் கீழே இருக்கும் நேரத்தைக் கணக்கிடக்கூடாது. டைவ் கம்ப்யூட்டரில் உயரத்தைச் சரிபார்த்துவிட்டு இறங்க வேண்டும்.

ஓடும் தண்ணீருக்கு எந்த செட்டும் வேண்டாம். 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலைப் பக்கம் வெள்ளம் வந்தபோது தேவைப்பட்டது படகும் டிராக்டரும். முத்தத்தி, சங்கமம் பக்கம் காவிரியில் சிலிண்டரோடும் கயிற்றோடும் ஆளை இறக்கினால் பாறையிடுக்கில் கயிறு மாட்டி அவரையே அமுக்கிவிடும். 2024இல் ஷிரூரில் மலை சரிந்து லாரி கங்காவளி ஆற்றுக்குள் போனபோது, நீரின் வேகத்தால் கடற்படை டைவர்களே நாட்கணக்கில் இறங்க முடியாமல் நின்றார்கள். அங்கே லைஃப் ஜாக்கெட், எறியும் கயிற்றுப் பை, கரை. அவ்வளவுதான் நம் எல்லை.

வரும் பணத்துக்கு இரண்டு வழி. முழு முக மாஸ்க்கோடு ஒரே ஒரு உயர்ந்த செட், அல்லது சாதாரண ரெகுலேட்டரோடு ஒரே மாதிரி இரண்டு செட். நான் இரண்டாவதைச் சொல்கிறேன். ஒருவர் கீழே இருக்கும்போது இன்னொருவர் முழுசாக மாட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும், நான்கு இழுப்பு வந்தால் என்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குதிக்க முடியாது. இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் இருட்டில் அடுத்தவர் உடம்பில் எது எங்கே என்று கைக்குத் தெரியும். பன்னிரண்டு லிட்டர் சிலிண்டர் இரண்டு, போனி இரண்டு, நெஞ்சு ஹார்னஸ் இரண்டு, ஐம்பது மீட்டர் மிதக்கும் கயிறு இரண்டு. ரெகுலேட்டர் பூட்டி, அழுத்தம் பார்த்து, வண்டியிலேயே நிமிர்த்திக் கட்டிவைத்தால் மாட்டுவதற்கு இரண்டு நிமிடம் ஆகாது.

இதற்கு ஒரு விலை உண்டு. முழு முக மாஸ்க் வாங்கும்வரை கழிவுநீர் ஏரிகளில் நாம் முழுகக்கூடாது. குவாரியும் சுத்தமான குளமும் மட்டும். ஏரி என்றால் 112ஐ அழைத்துவிட்டுப் படகிலும் கரையிலும் தீயணைப்புத் துறைக்கு உதவ வேண்டும். தம்பிமாருக்கு இது கசக்கும், தெரியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைத்தான் பேசப் போகிறேன். டின் (DIN) வால்வு, அதாவது ரெகுலேட்டரைத் திருகிப் பூட்டும் வால்வு, உள்ள பன்னிரண்டு லிட்டர் ஸ்டீல் சிலிண்டர், ஹைட்ரோ டெஸ்ட் என்னும் அழுத்தச் சோதனை முடித்தது, யாரிடமாவது விற்பனைக்கு இருந்தால் அதற்குள் எனக்குச் சொல்லுங்கள்.