தொட்டியின் மேல் பழி

படகிலிருந்து அழைப்பு வந்தால் பெரும்பாலும் ஒரே புகார்தான். "தண்ணி நாறுது சார், டேங்க்கைத் திறந்து கழுவணும்." இழுவைப் படகுகள், சின்னப் பயணிகள் படகுகள் என்று பல வருஷம் குழாய் வேலை பார்த்துவிட்டேன். இந்தப் புகாரில் தொட்டி குற்றவாளியாக இருந்தது குறைவு. தண்ணீர் உள்ளே வரும் வழியிலோ வெளியே போகும் வழியிலோதான் கோளாறு ஒளிந்திருக்கும்.

அதனால் மூடியைத் திறப்பதற்கு முன் ஹோஸைக் காட்டச் சொல்வேன். கரைக் குழாயிலிருந்து தண்ணீர் பிடிக்கும் ஹோஸும் தளம் கழுவும் ஹோஸும் பல படகுகளில் ஒன்றேதான். வெயிலில் சுருண்டு கிடக்கும். உள்ளே மிச்சத் தண்ணீர் வெதுவெதுவென்று தேங்கியிருக்கும். முனை, எண்ணெய்ப் பிசுக்கு படிந்த தளத்திலோ, சில நேரம் துறைமுகத் தண்ணீரிலோ கிடக்கும். அதைத்தான் எடுத்து நேரே தொட்டிக்குள் விடுகிறோம். குடிதண்ணீருக்கென்று உணவுத் தரத்தில் தனி ஹோஸ் வேண்டும். பயன்படுத்தியதும் வடித்து, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, உயரத்தில் மாட்டிவிட வேண்டும். நிரப்புவதற்கு முன் கரைக் குழாயைச் சில நிமிஷம் வெளியே ஓடவிடுவதும் முக்கியம். யார் எப்போது திறந்த குழாயோ, எத்தனை நாள் தேங்கிய தண்ணீரோ!

தளத்தில் இருக்கும் நிரப்புவாய் அடுத்த சந்தேகம். அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், தளம் கழுவும் அழுக்கும் அலைத்தண்ணீரும் தாராளமாக உள்ளே இறங்கும். காற்றுக் குழாய் முனையில் வலை கிழிந்திருந்தால் பூச்சிகளுக்கு வாசல் திறந்த மாதிரி. டீசல் வாயையும் தண்ணீர் வாயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கட்டுபவர்களை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு தடவை டீசல் வாடை ஏறிவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் முழுசாக விடாது.

ஒரு இழுவைப் படகில் சமையல்காரர் சொன்னார்: "தம்பி, நான் கொதிக்க வெச்சுத்தான் டீ போடறேன். எனக்கென்ன பயம்?" காய் கழுவுவதும், பல் தேய்ப்பதும், ஐஸ் வைப்பதும் எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். பதிலில்லை. சமையலறைக் குழாயின் முனையில் இருந்த சின்ன வலைச்சல்லடையைத் திருகிக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். விளிம்பைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு படலம். விரலால் தேய்த்தால் வழுக்கியது. தண்ணீர் தினமும் இதைத் தாண்டித்தான் தம்ளருக்கு வந்துகொண்டிருந்தது.

அந்தப் படலம்தான் இந்தத் தொழிலில் உண்மையான எதிரி. நுண்ணுயிரிகள் ஒன்றுகூடிப் பசை மாதிரி ஒன்றைச் சுரந்து, குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் மேலே உள்ளவற்றைக் கொல்லும், அடியில் இருப்பவை தப்பிக்கும். தொட்டியை மட்டும் தேய்த்துக் கழுவிவிட்டுப் போனால் சில வாரத்தில் நாற்றம் திரும்பி வருவது இதனால்தான்.

ஆகவே மருந்து குழாய் முழுக்கப் போக வேண்டும். தொட்டியை வடித்து, வண்டலை எடுத்துவிட்டு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி நிரப்புவேன். 5 சதவீத ப்ளீச் திரவம் என்றால் கணக்கு சுலபம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி. வாசனை சேர்த்ததும் கெட்டியாக்கியதும் கூடாது. வெயிலில் பல மாதம் கிடந்த ப்ளீச்சில் வீரியம் பாதிகூட மிச்சமிருக்குமா என்பது சந்தேகம். பிறகு ஒவ்வொரு குழாயாக, வெந்நீர்ப் பக்கத்தையும் ஷவரையும் சேர்த்து, குளோரின் வாடை வரும்வரை திறந்து மூட வேண்டும். குறைந்தது நான்கு மணி நேரம் அப்படியே விட்டு, வடித்து, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். உலோகத் தொட்டியில் இதை நாள்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது, அரித்துவிடும். உப்புப்படிவு போக்க வினிகர் ஊற்றுபவர்கள் அதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

கார்பன் ஃபில்டரை இந்த வேலைக்கு முன்பே கழற்றிவிடுவேன். ஃபில்டர் விஷயத்தில் எனக்கும் படகுக்காரர்களுக்கும் எப்போதும் சண்டை. கார்பன் குளோரினைப் பிடித்துக்கொள்ளும், அதனால் ருசி நன்றாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு வரும் குழாயில் தண்ணீருக்குக் காவல் இல்லை. மாற்றாமல் விட்ட ஃபில்டரே கிருமிகளுக்குக் குடியிருப்பாகிவிடும். தொட்டியின் வாயிலேயே அதை மாட்டாமல் குடிக்கும் குழாயின் கடைசியில் மாட்டுங்கள், மாற்றிய தேதியை மேலே எழுதுங்கள் என்பேன். பாதிப்பேர் கேட்பார்கள்.

கடல்நீரைக் காய்ச்சி இறக்கும் கருவி உள்ள படகுகளில் வேறு ஒரு நம்பிக்கை: "கொதிச்சு வந்த தண்ணிதானே!" அந்தக் கருவி வெற்றிடத்தில், 80 டிகிரிக்கும் கீழே கொதிக்கவைக்கிறது. அது கிருமி நீக்கம் ஆகாது. அந்தத் தண்ணீருக்கும் குளோரின் தேவை. துறைமுகத்துக்குள் அந்தக் கருவியை ஓட்டவே கூடாது.

கப்பல் அளவு இரும்புத் தொட்டி என்றால் உள்ளே இறங்கும் விதியே வேறு. எண்ணெய்த் தொட்டிக்குக் காட்டும் பயத்தைத் தண்ணீர்த் தொட்டிக்கு யாரும் காட்டுவதில்லை. நெடுநாள் மூடிக் கிடந்தால் துரு பிடிக்கும்போதே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றோட்டம் விட்டு, அளந்து, மேலே காவலுக்கு ஆள் நிறுத்தாமல் தலையைக்கூட நீட்டக் கூடாது.

2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, அது பொருந்தும் கப்பல்களில் குடிதண்ணீரை அடிக்கடி சோதித்துப் பதிவும் வைக்க வேண்டும். பதிவேடுகள் அழகாக இருக்கும். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, குளோரின் அளவு தினமும் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். நான் சோதனை மாத்திரைப் பெட்டியைக் கேட்பேன். சில இடத்தில் பெட்டியின் சீலே உடைந்திருக்காது. மாத்திரையை நசுக்கிப் பத்து மில்லி தண்ணீரில் போட்டால் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். ஒரு நிமிஷ வேலை.

அந்த இழுவைப் படகில் ஹோஸை மாற்றி, குழாய் முழுக்க மருந்து ஓட்டி, மாதிரியை ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. சமையல்காரர் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, இப்ப மருந்து வாடை அடிக்குதே!" மூடி போட்ட ஜாடியில் பிடித்துக் கொஞ்ச நேரம் வையுங்கண்ணே, வாடை குறையும் என்றேன். குழாயில் அந்த வாடை லேசாக இருக்கட்டும், அதைப் போக்குகிறேன் என்று தொட்டி வாயில் ஃபில்டர் மாட்டிவிடாதீர்கள் என்றும் சொல்லிவைத்தேன்.