கெஸ்கட் மாற்றிய பிறகு ஐட்லிங்கில் நிற்காத லொறி: காற்று புகுந்த இடத்தைக் கண்டுபிடித்த விதம்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், பைப், பெயின்ட் என்று ஏற்றி, கட்டட வேலை நடக்கும் இடங்களில் இறக்குவது என் தொழில். என்னிடம் இருப்பது சின்ன டொயோட்டா லொறி. 5கே பெற்றோல் எஞ்சின், 1486 சிசி, காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் காபரேட்டர் வைத்த காலத்து வண்டி. எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால்தான் கை போகும்.

இந்த எஞ்சினைப் பற்றி ஒரு விஷயம் முதலில் சொல்ல வேண்டும். காற்று உள்ளே போகும் இன்லெட் மெனிஃபோல்டும் புகை வெளியே வரும் எக்ஸ்ஹோஸ்ட் மெனிஃபோல்டும் ஹெட்டின், அதாவது எஞ்சினின் மேல் பாகத்தின், ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் போல்ட் போட்டு ஒன்றாக இணைத்திருக்கிறார்கள், இரண்டுக்கும் பொதுவாக, இடைவெளியை அடைக்க நடுவில் வைக்கும் ஒரே கெஸ்கட். எனக்கு வந்த பிரச்சினை முழுக்க இந்த அமைப்பில்தான் இருந்தது.

பழைய கெஸ்கட் எக்ஸ்ஹோஸ்ட் பக்கம் எரிந்துபோய், சீட்டுக்கு அடியில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தது. புகை மணம் கேபினுக்குள்ளேயே வர, ஒரு கராஜில் விட்டு மாற்றினேன். சத்தம் நின்றது, மணமும் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. காலையில் சோக் (காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டும் இழுப்பு) இழுத்து ஸ்டார்ட் பண்ணினால் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் சூடாகி சோக்கை விட்டதும் ஐட்லிங் (எக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) ஏறும், இறங்கும், நடுங்கும். ஆமர் வீதிச் சந்தியில் சிக்னலுக்கு நின்றால் அப்படியே அணைந்துவிடும். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்க, மறுபடி சாவி திருப்ப வேண்டும். எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சரில் 'டப் டப்' என்று வெடிக்கும். ஆனால் களனிப் பாலத்தைத் தாண்டி ஓட்டம் பிடித்தால் முன்பு போலவே இழுத்தது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். காபரேட்டர் பழசு, மாற்ற வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் சமாளிக்க ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றி விட்டார்கள். வண்டி அணையவில்லைதான். ஆனால் நிற்கும்போதே எஞ்சின் கத்திக்கொண்டிருந்தது, கியர் போடும்போது 'டக்' என்று அடித்தது. நேற்று வரைக்கும் ஒழுங்காக வேலை செய்த காபரேட்டர், கெஸ்கட் மாற்றிய அன்றே எப்படிப் பழசாகும்? ஒரு வேலை செய்த கையோடு ஒரு குறை வந்தால், அந்த வேலையில் கை பட்ட இடங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேறு சாமானுக்குப் பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

புளூமெண்டல் வீதிப் பக்கம் பழைய பெற்றோல் எஞ்சின் வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். அவர் கருவிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. "ஸ்க்ரூவில கை வைக்காத தம்பி. சோக்கைக் கொஞ்சம் இழு, பார்ப்போம்" என்றார். சூடான எஞ்சினில் சோக்கைக் கால்வாசி இழுத்ததும் நடுக்கம் நின்று ஐட்லிங் சீரானது. "பெற்றோல் கூடக் கேக்குது. அப்ப எங்கயோ காத்து கூடப் போகுது."

அவர் சொன்னதன் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். ஐட்லிங்கில் காபரேட்டரில் காற்றின் வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்கும், வழி சிறியது, அதனால் மெனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றை விட நன்றாகக் குறைந்து வெக்யூம் உருவாகும். அந்த நேரத்தில் கெஸ்கட்டிலோ ஹோஸிலோ மெல்லிய இடைவெளி இருந்தால், காபரேட்டருக்குள் போகாத காற்று அதன் வழியாகப் புகுந்துவிடும். அந்தக் காற்றோடு பெற்றோல் வராது. கலவை மெலிந்து எஞ்சின் மிஸ் பண்ணும். எரியாமல் போன கலவை சைலன்சரில் போய் வெடிக்கும். வேகமாக ஓடும்போது திராட்டில் திறந்துவிடும், வெக்யூம் குறையும், காபரேட்டர் வழியாகவே ஏராளமான காற்று போகும். அந்தப் பெரிய அளவோடு பார்த்தால் ஓட்டை வழியாக வருவது ஒன்றுமே இல்லை. ஓட்டத்தில் நன்றாகவும் சிக்னலில் மோசமாகவும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது வெக்யூமை அளக்கும் வெக்யூம் கேஜ். டயல் ஒன்றும் ஒரு துண்டு ஹோஸும், அவ்வளவுதான் அந்தச் சாமான். ஆனால் மாட்டும் இடம் முக்கியம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஹோஸ் பல காபரேட்டர்களில் திராட்டில் தகட்டுக்கு மேலே இருந்து வரும். அதில் மாட்டினால் ஐட்லிங்கில் முள் அசையாது. திராட்டிலுக்குக் கீழே, மெனிஃபோல்டில் நேராக இருக்கும், ஹோஸ் மாட்டும் மூக்கில்தான் மாட்ட வேண்டும். நல்ல எஞ்சின் கடல் மட்டத்தில் ஐட்லிங் ஓடும்போது பொதுவாக 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். கொழும்பு கடலோரம் என்பதால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அதே எஞ்சின் ஆறு அங்குலம் அளவுக்குக் குறைவாகக் காட்டும். அங்கே உள்ளவர்கள் அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. என் வண்டியில் முள் 14இல் நின்று லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

குறைந்த அளவு காட்டினாலே காற்றுக் கசிவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இக்னிஷன் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் முள் இப்படி இறங்கி நிற்கும். அதனால் டிஸ்ட்ரிபியூட்டரின் வெக்யூம் ஹோஸைக் கழற்றி, வாயை அடைத்துவிட்டு, டைமிங் லைட் பிடித்துப் பார்த்தோம். குறி சரியான இடத்தில் இருந்தது. இனி கசிவுதான்.

முதலில் ஹோஸ்கள், காரணம் அவை சுலபம். எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு ஹோஸையும் துணி சுற்றிய குறட்டால் நசுக்கினோம். வெக்யூமால் பிரேக் மிதிப்பை இலகுவாக்கும் பிரேக் சர்வோவுக்குப் போகும் பெரிய ஹோஸை நசுக்கினோம், மாற்றம் இல்லை. சர்வோவைத் தனியாகவும் பார்த்தோம். எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும் வரை பிரேக்கை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் கொஞ்சம் கீழே போக வேண்டும். போனது. கசிவு இந்த ஹோஸில் இருந்தால் சுமையோடு போகும்போது பிரேக் பெடல் கல்லாக இறுகி, மிதிக்கக் கஷ்டமாகிவிடும். இந்தச் சோதனையை மட்டும் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். எஞ்சின் ஆவியை உள்ளே எடுக்கும் பிசிவி ஹோஸை நசுக்கியபோது ஐட்லிங் சற்று இறங்கியது. அது வழக்கமாக நடப்பதுதான், அந்த வழியாகக் கொஞ்சம் காற்று போகத்தான் வேண்டும். பயன்படாத ஒரு மூக்கில் மாட்டியிருந்த ரப்பர் மூடி காய்ந்து வெடித்திருந்தது. புது மூடி போட்டதும் முள் 15க்கு ஏறியது. ஏறியதே தவிரத் துடிப்பு நிற்கவில்லை. ஒரு கசிவு அகப்பட்டவுடன் வேலையை முடித்துவிடக் கூடாது என்று அண்ணன் அடுத்ததற்குப் போனார்.

பல கராஜ்களில் இந்த இடத்தில் காபரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை எடுத்து கெஸ்கட் ஓரமாக அடிப்பார்கள். கசிவு இருந்தால் எஞ்சின் அதை உறிஞ்ச, சத்தம் மாறும். இன்லெட் தனிப் பக்கத்தில் இருக்கும் எஞ்சினில் கவனமாகச் செய்யலாம். இந்த எஞ்சினில் இன்லெட்டுக்குக் கீழேயே எக்ஸ்ஹோஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும், மேலே கேபின், சுற்றிலும் தகரம். அதில் தீப்பிடிக்கும் ஸ்ப்ரே அடிப்பது லொறியையும் ஆளையும் சேர்த்துக் கொளுத்தும் வேலை. அண்ணன் அதற்குச் சம்மதிக்கவே இல்லை. எஞ்சினை அணைத்து முழுக்க ஆற விட்டார்.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்தபோது, பங்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பதுதான் நினைவுக்கு வந்தது. ஏர் கிளீனரைக் கழற்றி, காபரேட்டர் வாயில் பழைய டியூப் ரப்பரை வைத்துப் பலகைத் துண்டால் அழுத்திக் கட்டினார். திராட்டிலைச் சற்றுத் திறந்து வைத்தார். பிசிவி மூக்கை அடைத்தார். சர்வோ ஹோஸ் வந்து சேரும் இடத்தில் காலால் மிதிக்கும் பம்பை மாட்டி, மெதுவாக மிதிக்கச் சொன்னார். வேகமாக அடித்தால் அடைப்புகள் பிய்ந்துவிடும், சின்னக் காற்றே போதும். நான் மிதிக்க, அவர் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு கெஸ்கட்டின் ஓரம் முழுக்கத் தடவிக்கொண்டே போனார்.

காபரேட்டர் அடிப்பகுதியில் ஒன்றும் இல்லை. திராட்டில் தண்டின் இரு முனையிலும் ஊசி முனை அளவுக்குக் குமிழிகள் வந்தன. தேய்ந்த பழைய காபரேட்டரில் இது இருக்கும், கெஸ்கட் மாற்றுவதற்கு முன்பும் இருந்திருக்கும். மெனிஃபோல்டின் முன்பக்கம் காய்ந்தே கிடந்தது. பின்கோடிக்கு, கேபின் சுவரை ஒட்டிய பக்கம் தூரிகை போனதும், இன்லெட் துவாரத்தின் கீழ் ஓரத்தில் குமிழிகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து நுரையாக வழிந்தன. மிதிப்பதை நிறுத்தினால் நுரை நின்றது, மறுபடி மிதித்தால் வந்தது. கண்ணாடியைக் கீழே பிடித்துக் காட்டினார். இனி யாரும் காபரேட்டரைக் குறை சொல்ல முடியாது.

கழற்றினோம். கழற்றிய கெஸ்கட்டை உடனே வீசிவிடாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. மற்றத் துவாரங்களைச் சுற்றி மெனிஃபோல்டின் விளிம்பு கெஸ்கட்டில் பளிச்சென்று பதிந்து வட்டமாகத் தெரிந்தது. பின்கோடித் துவாரத்தில் அந்த வட்டம் மேலே பாதி இருந்தது, கீழே இல்லை. அங்கே கெஸ்கட் நசுங்கவே இல்லை, கடையில் இருந்து வந்தபடியே இருந்தது. ஹெட் முகத்திலும் பழைய கெஸ்கட்டின் துணுக்கு ஒன்று ஒட்டிக் கருகியிருந்தது.

மெனிஃபோல்ட் இரண்டும் இணைந்தபடியே இருக்க, முகத்தின் மேல் இரும்பு மட்டக்கோலை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் விட்டோம். பின்பக்க இன்லெட் முகத்துக்கும் கோலுக்கும் நடுவில் 0.30 மில்லிமீற்றர் தகடு தாராளமாகப் போனது. அண்ணன் இன்லெட்டையும் எக்ஸ்ஹோஸ்ட்டையும் இணைக்கும் போல்ட்களைத் தளர்த்தி, மறுபடி கோலை வைத்தார். இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. விஷயம் அங்கே வெளிச்சமானது. முன்பு வேலை செய்தவர்கள் இரண்டு மெனிஃபோல்டையும் வெளியிலேயே வைத்து முழுக்க இறுக்கிவிட்டு, பிறகு ஹெட்டில் பூட்டியிருக்கிறார்கள். இரண்டு முகங்களும் ஒரே மட்டத்துக்கு வர வழியே இல்லாமல் போய்விட்டது. கெஸ்கட்டில் குறை இல்லை. அது மேடு பள்ளத்தை எவ்வளவுதான் நிரப்பும்?

சிலிக்கன் பூசினால் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. சாதாரண சிலிக்கன் பெற்றோலில் ஊறிக் கழன்றுவிடும், எக்ஸ்ஹோஸ்ட் சூட்டில் கருகும், உரிந்த துண்டு எஞ்சினுக்குள் போகும். நான் பூச விடவில்லை.

மீதியிருந்த வளைவுக்காக, இரண்டையும் ஒரே மட்டத்தில் இணைத்து லேத் கடையில் முகம் சீவினோம். உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் புது கெஸ்கட் வாங்கினேன். அங்கே பல விலையில் கிடைக்கும். துவாரத்தைச் சுற்றி உலோக விளிம்பு வைத்ததை எடுத்தேன், இந்த இடத்தில் மலிவு பார்ப்பதில் அர்த்தமில்லை. ஹெட் முகத்தைச் சுரண்டும்போது துவாரங்களில் துணி அடைத்தோம், ஹெட் அலுமினியம் என்பதால் கூரான இரும்பு போடவில்லை.

பூட்டும் ஒழுங்கு இதுதான்: இரண்டையும் இணைக்கும் போல்ட்கள் தளர்வாகவே இருக்க, மெனிஃபோல்டை ஹெட்டில் வைத்து நட்டுகளைக் கையால் திருகிவிட வேண்டும். நடுவில் இருந்து இரு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக டோர்க் ஸ்பனரில் இறுக்க வேண்டும். இணைப்பு போல்ட்கள் கடைசியில்தான்.

மறுபடி பம்பும் சவர்க்காரத் தண்ணீரும். பின்கோடியில் ஒரு குமிழிகூட இல்லை. ஸ்டார்ட் பண்ணி, சூடாக விட்டு, ஏற்றி வைத்திருந்த ஐட்லிங் ஸ்க்ரூவை இறக்கினோம். கேஜைப் பார்த்தபடியே, கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முள் அதிகம் ஏறும் இடத்துக்குக் கொண்டுவந்தார் அண்ணன். 19இல் அசையாமல் நின்றது. அந்த முள்ளைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதி பெரிது. காபரேட்டர் பழையதுதான், அதேதான் இன்றும் ஓடுகிறது.

டீசல் லொறி வைத்திருப்பவர்கள் இதே கேஜை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். சாதாரண டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டில் இல்லை, மெனிஃபோல்டில் இந்த அளவு வெக்யூம் உருவாகாது. சின்ன ஜப்பான் டீசல் லொறிகள் பலவற்றில் சர்வோவுக்கான வெக்யூம் பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஒல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பம்பில் இருந்து வருகிறது. அங்கே ஐட்லிங் ஆடினால் டீசல் லைனில் காற்றுப் புகுவது போன்ற வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

வருஷ லைசன்ஸுக்கான புகைப் பரிசோதனையும் அடுத்து வந்தது. கலவை மெலிந்து மிஸ் பண்ணும் எஞ்சினில் எரியாத பெற்றோல் புகையோடு வெளியே வரும், அந்த நிலையில் கொண்டுபோயிருந்தால் அங்கே அது ஏறிக் காட்டியிருக்கும். முள் சீரான பிறகு கொண்டுபோனதால் தடையில்லாமல் முடிந்தது. சில நாள் ஓட்டத்தில் எஞ்சின் சூடேறி ஆறிய பின், ஒரு காலையில் குளிர்ந்த நிலையில் நட்டுகளை மறுபடி அதே ஒழுங்கில் பார்த்தோம். நடுவில் இருந்த இரண்டும் இன்னும் கொஞ்சம் இறுகின, மற்றவை அப்படியே இருந்தன.