காதால் வேகும் தேன்குழல்

காரைக்குடியில் ஒரு பலகாரக் கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறேன். முகூர்த்த நாட்கள் நெருங்கினால் சீர்ப் பலகாரத்துக்காக அடுப்பு அணையவே அணையாது. புகை தாங்காமல் முதலாளி ஒருமுறை அடுப்புக்கு நேர் மேலே பெரிய புகைபோக்கி விசிறி ஒன்றைப் பொருத்தினார். புகை போனது, கூடவே தேன்குழலின் பதமும் போனது. ஓர் ஈடு நமுத்தது, அடுத்த ஈடு சிவந்தது. மாவும் அதே மாவு, பிழிந்த கையும் அதே கை. சட்டியருகே நிற்கும் மூத்த அக்காதான் காரணத்தைச் சொன்னார்: "தம்பி, அந்தக் காற்றாடியை நிறுத்துங்கள். சட்டிச் சத்தம் காதில் விழவில்லை."

பிழிந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் அதிலுள்ள ஈரம் ஆவியாகிக் கொப்புளிக்கிறது. அதுதான் அந்தச் சடசடப்பு. ஈரம் வற்ற வற்ற ஓசை அடங்கும்; அடங்கியதும் எடுத்துவிட வேண்டும். தேன்குழல் வெள்ளையாகவே இருக்க வேண்டிய பண்டம். நிறம் மாறட்டும் என்று காத்திருந்தால் வேளை தப்பிவிடும். அதனால் இங்கே கண்ணுக்கு வேலை குறைவு. அதிரசத்துக்கோ நிறம்தான் கணக்கு. அதன் பாகுக்கு, தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் விரல்.

மூளையும் எந்தப் புலன் அந்த நேரத்தில் தெளிவாகச் சொல்கிறதோ அதற்குத்தான் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது. மார்க் எர்ன்ஸ்ட், மார்ட்டின் பேங்க்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மேட்டின் உயரத்தைக் கண்ணாலும் விரலாலும் சேர்த்து மதிப்பிடச் சொன்னார்கள். காட்சியை வேண்டுமென்றே கலங்கலாக்கியபோது தீர்ப்பு விரலின் பக்கம் சாய்ந்தது. எங்கள் கூடத்தில் விசிறி கலக்கிவிட்டது காதை. மிச்சமிருந்த கண்ணோ தேன்குழலுக்கு உதவாத சாட்சி.

சாப்பிடுகிறவர் பக்கமும் இதே கதைதான். ஆக்ஸ்ஃபோர்டில் சாம்பினி, ஸ்பென்ஸ் இருவரும் உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்பவர்களுக்கு அந்தக் கடியின் ஓசையையே ஹெட்போனில் கேட்கவைத்தார்கள். ஓசையைக் கூட்டியபோது, அல்லது அதன் கீச்சுப் பகுதியை மட்டும் கூட்டியபோது, அதே வறுவல் இன்னும் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் பட்டதாம். 2004இல் வந்த இந்த ஆய்வுக்கு 2008இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்; முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களிடம் வாங்க வரும் ஆச்சிமார் வாயில் போடுமுன் ஒரு துண்டை ஒடித்துப் பார்க்கிறார்கள். 'படக்' என்று ஒடியாவிட்டால் ருசி பார்க்கும் பேச்சே கிடையாது.

விசிறியைக் கழற்றிப் பின்கட்டுச் சுவருக்கு மாற்றினோம். புகை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது. முதலாளி இப்போது, நேரம் முடிந்ததும் அடிக்கும் மணி ஒன்றை வாங்கலாமா என்கிறார். நான் ஒப்பவில்லை. மழைநாளில் மாவின் ஈரம் வேறு. அச்சு மாறினால் கனம் வேறு. மணிக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? எண்ணெய்ச் சூட்டைப் பார்க்க வெப்பமானி வேண்டுமானால் வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.