ஆறாம் வகுப்புக்கு மூன்று பள்ளி ஏறி இறங்கிய கதை

பாப்பா படித்தது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். அங்கே ஐந்தாவதோடு சரி. ஆறாவதுக்கு எங்கே போடுவது என்று பிப்ரவரியில் ஆரம்பித்த பேச்சு ஜூன் வரை வீட்டில் ஓயவில்லை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்துகொண்டு கூட வேலை செய்கிறவர்களிடம் விசாரித்து வாட்ஸப்பில் தினம் ஒரு பள்ளிப் பேராக அனுப்புவார், அலைந்தது நான்தான். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு சின்ன டவுன், அதிலிருந்து நான்கு கிலோமீட்டரில் எங்கள் ஊர். மெட்ரிக் பள்ளி வேண்டாம் என்பது முதலிலேயே முடிவு. பணம் ஒரு காரணம், வேன் காலை ஏழு மணிக்கே தெருமுனையில் வந்து ஹாரன் அடிப்பது இன்னொரு காரணம்.

மிச்சம் மூன்று. டவுனில் பெண்கள் அரசு மேல்நிலைப் பள்ளி, அதே டவுனில் மாமனார் படித்த எய்டட் பள்ளி, அதாவது அரசு உதவி பெறும் தனியார் பள்ளி, பக்கத்து ஊரில் எட்டாவது வரைக்கும் உள்ள நடுநிலைப் பள்ளி.

முதலில் நான் செய்த முட்டாள்தனம், பிளஸ் டூ தேர்ச்சி சதவீதத்தை ஒரு நோட்டில் எழுதி ஒப்பிட்டது. எய்டட் பள்ளிதான் மேலே நின்றது, மாமாவுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தெருவில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஒன்பதாவதிலேயே சுமாரா படிக்கிற பிள்ளைக்கு டி.சி.யைக் குடுத்து அனுப்பிட்டா சதவீதம் தானா ஏறும்மா. ஒரு வேலை நாள்ல நேரா போய்ப் பாரு" என்றார். போனேன்.

எய்டட் பள்ளி பெரிய கட்டடம், நல்ல மைதானம், குறை சொல்ல முடியாது. ஆனால் ஆறாவது வகுப்பு இரண்டாம் மாடியில், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு, அதிலும் பாதியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனபோது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் கண் முதலில் கூரைக்கும் படிக்கட்டுக்கும்தான் போகும். அப்புறம் ஆபீஸில், தமிழ் மீடியத்துக்கு ஃபீஸ் இல்லை, இங்கிலீஷ் மீடியம் சுயநிதிப் பிரிவு, அதற்குத் தனி என்று ஒரு சீட்டு கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று எனக்கு அதுவரை தெரியவே தெரியாது. மருத்துவப் படிப்பில் 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று அதைப் போலவே கொண்டுவந்தார்கள். எய்டட் பள்ளி அந்தக் கணக்கில் வராது! கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப்பெண் திட்டத்தில்கூட எய்டட் பிள்ளைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள், அதுவும் தமிழ் மீடியத்தில் படித்தவர்களை மட்டும். சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, புத்தகம் அரசாங்கம் கொடுக்கிறது, அப்புறம் அதுவும் கவர்மெண்டு பள்ளிதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு ஆறாவதில்தான் தொடங்குகிறது என்பதால் இந்த வருஷம் தப்பாகப் போட்டால் பிறகு மாற்றியும் பிரயோஜனமில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது, "நாங்க படிக்கையில இதெல்லாம் ஏது" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

நடுநிலைப் பள்ளி எனக்கு ரொம்பப் பிடித்தது. சைக்கிளில் பத்து நிமிஷம். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் சேர்த்தே நாற்பது பிள்ளைகள்தான். ஒரு நோட்டை வாங்கிப் புரட்டினேன், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மை, தப்புக்குப் பக்கத்திலேயே சரியான சொல்லையும் டீச்சர் எழுதியிருந்தார். அந்த மாதிரி நோட்டை டவுன் பள்ளி இரண்டிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் எட்டாவது முடித்ததும் மறுபடி இதே அலைச்சல், அதுவும் ஒன்பதாவதில். அதோடு எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கு வேறு யாரும் போகவில்லை. கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது தனியாகச் சைக்கிள் மிதிக்க வேண்டும்.

கடைசியில் பெண்கள் பள்ளி. போனது மதியச் சாப்பாட்டு நேரம். வகுப்பு, ஹைடெக் லேப் எல்லாம் காட்டினார்கள். கிளம்பும்போது பாத்ரூம் போக வேண்டும் என்று கேட்டேன். அதைத்தான் நான் பார்க்க நினைத்ததே. ஏழாவது படிக்கிற பெண் ஒருத்தி கூட்டிப்போனாள். டிரம்மில் தண்ணீர் இருந்தது, தரையும் கழுவியிருந்தது. கதவை இழுத்தால் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை மட்டும். "தண்ணி எப்பவும் இருக்கும்க்கா, தாழ்ப்பாள்தான் இல்ல. ஒருத்தி போனா ஒருத்தி வெளிய காவல் நிப்போம்" என்று சொல்லிவிட்டுக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. ஆனாலும் அங்கேதான் சேர்ப்பது என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதே தோன்றிவிட்டது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் வராத பள்ளிக்கு என்ன செய்வது?

சேர்க்கையில் ஒரு தலைவலி. டி.சி. கையில் இருந்தால் மட்டும் போதாது, பழைய பள்ளி எமிஸ் என்கிற கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் பிள்ளையின் பேரைத் தன் கணக்கிலிருந்து காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். எங்கள் பள்ளியில் அதைச் செய்ய மறந்துவிட்டார்கள், இதற்காக மூன்று நாள் இங்கும் அங்கும் நடந்தேன். டி.சி. வாங்கும்போதே "எமிஸ்ல விட்டாச்சா டீச்சர்?" என்று கேட்டுவிடுங்கள்.

ஜூனில் இன்னும் இரண்டு பாடம். ஏப்ரலில் நான் பார்த்து அசந்துபோன கணக்கு மிஸ் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போய்விட்டார், அந்த இடம் ஒன்றரை மாதம் காலியாகவே கிடந்தது. டீச்சரைப் பார்த்துப் பள்ளி முடிவு செய்கிறவர்கள் கலந்தாய்வு முடிகிறவரை பொறுப்பது நல்லது. இன்னொன்று, இங்கிலீஷ் மீடியம் தனி வகுப்பு என்றார்கள், போய்ப் பார்த்தால் இரண்டு மீடியமும் ஒரே அறையில். நல்லவேளை, பாப்பாவைத் தமிழ் மீடியத்திலேயே விட்டிருந்தேன். அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தவர்களுக்கு உள்ள 20 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஒன்றாவதிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அவள் பரீட்சை எழுதப்போகிறாளோ இல்லையோ, நாமே கதவை மூட வேண்டாமே.

காலை உணவுத் திட்டம் ஐந்தாவது வரைதான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. இத்தனை நாளும் பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ சாப்பிட்டுவிடுவாள். இப்போது 8.10 டவுன் பஸ்ஸுக்குள் நான் இட்லி ஊற்றி எடுத்தாக வேண்டியிருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தாழ்ப்பாள் விஷயத்தை எழுந்து சொன்னேன். தலைமையாசிரியர் கோபப்படவில்லை, எழுதிக்கொண்டார். போன வாரம் நான்கு கதவில் மூன்றுக்குப் போட்டுவிட்டார்களாம். "நாலாவதுக்கு இன்னும் நான்தாம்மா காவல்" என்று பாப்பா பெருமையாகச் சொல்கிறாள்.