312 வரி ஃபங்ஷனை உடைக்கப் போய் 23 படங்களில் மாட்டிக்கொண்டது

மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை நேற்று இரவு ஒருவழியாக நகர்ந்தது. என் படப் பெயர்மாற்றி நிரலில் 312 வரி நீண்டு கிடந்த ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) இப்போது 58 வரி. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

நிரல் ஒன்றும் பெரிய வித்தையில்லை. பைத்தானில் எழுதியது. படக் கோப்புக்குள் கேமரா எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலிலிருந்து எடுத்த தேதி, நேரத்தைப் படித்து அதையே கோப்புப் பெயராக வைக்கும். எக்ஸிஃப் இல்லையென்றால் பழைய பெயரிலேயே தேதி இருக்கிறதா என்று தேடும். அதுவும் இல்லையென்றால் 'தேதியில்லை' ஃபோல்டருக்குத் தள்ளும். நான்கு வருடம் முன்பு ஒரே மூச்சில் எழுதியது என்பது பார்த்தாலே தெரியும்: டேட்டா2, டெம்ப்_நியூ என்று வேரியபிள்கள், ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ என்று மூன்று மதிப்பை வாங்கும் ஒரு ஃபங்ஷன். நடுவில் இருக்கும் ஃபால்ஸ் எதற்கு என்று எழுதியவனுக்கே தெரியவில்லை. எக்ஸிஃப் தேதி 2019:07:14 என்று கோலனோடு வரும். விண்டோஸில் கோப்புப் பெயரில் கோலன் கூடாது. அதை மாற்றும் ஒரே வரி ஐந்து இடத்தில் இருந்தது.

முதலில் செய்தது, முடிவெடுக்கும் பகுதியையும் பெயரை நிஜமாக மாற்றும் பகுதியையும் பிரித்ததுதான். பழைய பெயர், புதுப் பெயர் என்று ஜோடிகளாக ஒரு பட்டியலை மட்டும் ஒரு ஃபங்ஷன் தரும். டிஸ்கில் கை வைப்பது வேறொன்று. இதைச் செய்ததும் படங்களைத் தொடாமலே சோதிக்க வழி கிடைத்தது. 600 படங்களை ஒதுக்கி, பழைய கோட் தரும் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்தேன். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் ஓட்டிப் பார்த்து, இரண்டு பட்டியலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் போடுவது, சுத்தமாக இருந்தால் கமிட், அதாவது அந்த மாற்றத்தைக் கிட்டில் பதிவது.

பதினோரு கமிட் வரை வெண்ணெயாகப் போனது. தேதி கண்டுபிடிக்கும் பகுதியைத் தனி ஃபங்ஷனாக எடுத்த பன்னிரண்டாவதில் 23 படங்கள் மாறி வந்தன. பழைய கோட் அவற்றுக்கு ஒழுங்காகத் தேதி போட்டிருந்தது; புதியது எல்லாவற்றையும் 'தேதியில்லை'யில் தள்ளியது. என் மேல்தான் தப்பு என்று நம்பி இரண்டு மாலை பிரிண்ட் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

வெறுத்துப்போய் அதே 600 படங்களை வேறொரு டிஸ்கில் நகலெடுத்து, மாற்றாத பழைய கோடையே ஓட்டினேன். பழைய கோட் தன் சொந்தப் பட்டியலோடேயே ஒத்துப்போகவில்லை! அப்புறம்தான் பட்டியலை நிதானமாகப் படித்தேன். அந்த 23 படங்களும் நொடி பிசகாமல் தமக்கு முந்தைய படத்தின் நேரத்தையே வைத்திருந்தன.

விஷயம் இதுதான். தேதி வேரியபிளை, படங்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை காலியாக வைத்திருக்கிறேன். எக்ஸிஃப் இல்லாத படம் வந்தால் பிழை எழும். அதை ஒரு வெற்று எக்செப்ட் (எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள்ளும் பகுதி) விழுங்கிவிடும். பைத்தானில் லூப்புக்குள் வைத்த மதிப்பு அடுத்த சுற்றிலும் அப்படியே இருக்கும், ஆகவே போன படத்தின் தேதி இந்தப் படத்துக்கு ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, ஃபோல்டரில் உள்ள பெயர்களைத் தரும் லிஸ்ட்டிர் அவற்றை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. டிஸ்க் மாறியதும் பக்கத்துப் படம் மாறியது, தேதியும் மாறியது. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதை. ஸ்கேன் செய்த ஒரு கருப்பு வெள்ளைப் படம் நான்கு வருடமாக 2021 என்று பெயர் தாங்கி உட்கார்ந்திருக்கிறது.

உடனே திருத்தக் கை பரபரத்தது. ஆனால் சுத்தம் செய்வதையும் பிழை நீக்குவதையும் ஒரே கமிட்டில் கலந்தால் பிறகு டிஃப்பை நம்ப முடியாது. அதனால் முதலில் பெயர்களை வரிசைப்படுத்தி, சேமித்த பட்டியலைப் புதிதாக எடுத்தேன். அடுத்து புது ஃபங்ஷனுக்கு 'முந்தைய தேதி' என்று ஒரு பாராமீட்டர் கொடுத்து, அந்தப் பிழையை வேண்டுமென்றே அப்படியே பாதுகாத்தேன். பார்க்கவே அசிங்கம். டிஃப் சுத்தமானதும் கமிட். அதற்கடுத்த கமிட்டில் அந்தப் பாராமீட்டரைத் தூக்கினேன்: நான்கே வரி. பட்டியலில் எதிர்பார்த்த படங்கள் மட்டும் மாறின, வேறெதுவும் அசையவில்லை.

ஒரு பக்கக் குறிப்பு: கோடின் அமைப்பைத் தானாகச் சீராக்கும் பிளாக் ஃபார்மேட்டரை நடுவில் ஓட்டாதீர்கள். நான் ஓட்டி, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று சொல்லும் கிட் பிளேம் முழுக்க அந்த ஒரு கமிட்டாகவே காட்டியது. கிட் 2.23 முதல் பிளேமில் குறிப்பிட்ட கமிட்டைத் தவிர்க்கச் சொல்லலாம்; அதனால் தப்பித்தேன்.

அடுத்து வீடியோக்களையும் சேர்க்க ஆசை. எம்பி4 கோப்பு நேரத்தை 1904 ஜனவரி 1இலிருந்து நொடிக்கணக்காக வைக்கும். கேமரா அதை நிரப்பாமல் சுழியம் என்று விட்டால், 1904இல் எடுத்த வீடியோ என்று பெயர் வரும். அதற்குத் தனி ஃபங்ஷன், முதலிலேயே டெஸ்டோடு.

ஆனால் இதிலேயே இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒரே நொடியில் எடுத்த படங்களுக்கு _1, _2 ஒட்டும் பகுதி, 40 வரி. ஒரு வைல் லூப்புக்குள் இன்னொரு வைல் லூப், உள்ளே லூப்பை விட்டு வெளியேறும் மூன்று பிரேக். அதில் மூன்றாவது எப்போதாவது ஓடுமா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதன் முறை.