ராய்ச்சூர்ப் போரில் செத்தவர்களை எண்ணியது யார்?

விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயருக்கும் பீஜப்பூர் சுல்தானுக்கும் நடந்த ராய்ச்சூர்ப் போரைப் பற்றி முக்கியமாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே சண்டையைத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம் வரும்.

பெர்னாவோ நூனிஸ் என்ற போர்ச்சுக்கீசியரின் கணக்குப்படி கிருஷ்ணதேவராயர் பக்கம் காலாட்கள் 7,03,000, குதிரைகள் 32,600, யானைகள் 551. இதுபோக, வழியில் தண்ணீர் கொடுக்க மட்டும் தோல்பையோடு 12,000 பேர். எதிரே பீஜப்பூர் சுல்தான் இஸ்மாயில் அடில்ஷாவிடம் ஆளும் குதிரையுமாக 1,40,000 வாக்கில். பாரசீக மொழியில் வரலாறு எழுதிய பெரிஷ்டா சொல்வது வேறு. சுல்தான் குடித்துவிட்டு, தெப்பங்கள் போதுமான அளவு சேரும் முன்பே, சிறு படையோடு கிருஷ்ணா நதியைக் கடந்து போய் மாட்டிக்கொண்டாராம். பெரிஷ்டா பல பத்தாண்டுகள் கழித்து, அதே பீஜப்பூர் அரசவையில் உட்கார்ந்து எழுதியவர். தோல்விக்குப் படையைக் குறை சொல்வதைவிடக் கள்ளைக் குறை சொல்வது அங்கே பாதுகாப்பு. அதனால் நான் நூனிஸ் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் அவரையும் வரிக்கு வரி அல்ல.

தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1522 மே மாதம், புதுநிலா நாளான சனிக்கிழமை என்கிறார் நூனிஸ். அந்த வருஷம் மே அமாவாசை 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. 1520இல் பார்த்தால் அமாவாசை மே 17 வியாழன். பிறை தெரிந்த கையோடு 19ஆம் தேதி சனிக்கிழமை. விஜயநகர வரலாறு எழுதிய ராபர்ட் சூவெல் 1900இல் இதையும் வைத்துத்தான் போரை 1520க்கு நகர்த்தினார். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த எவரும் உட்கார்ந்து சரிபார்க்கலாம். நானும் பார்த்தேன், பொருந்துகிறது.

சரி, ஆள் கணக்கு? நூனிஸ் எழுதியது 1535 வாக்கில். அவர் குதிரை வியாபாரி என்பார்கள். எனக்கு இதுதான் முக்கியமான சாவி. எங்கய்யன் மாட்டுத் தரகர். ஆடியில் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போவார். பல்லைப் பிடித்து வயசு பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் எத்தனை குதிரை இறங்கியது, எத்தனை கைமாறியது என்று பிசகாமல் சொல்வார். கூட்டம் எவ்வளவு என்று கேட்டால், 'ஊரே இருந்துச்சு' என்பார்.

நூனிஸின் ஏழு லட்சமும் அப்படி 'ஊரே' என்றுதான் எனக்குப் படுகிறது. பிடிபட்டவை என்று அவர் தரும் பட்டியல் வேறு ரகம்: பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸிலிருந்து வந்த குதிரைகள் 4,000, யானைகள் 100, பெரிய பீரங்கிகள் 400. இதெல்லாம் விலை உள்ள பொருள். அரண்மனையில் யாரோ ஒருவர் எண்ணித்தான் இறக்கியிருப்பார். அதனால் இதை நம்பலாம்.

ராயர் பக்கம் செத்தவர்கள் 16,000க்கு மேல். இதையும் நான் ஓரளவு நம்புகிறேன். ஜெயித்தவர் களத்திலேயே தங்கித் தன் ஆட்களுக்குச் சடங்கு செய்ய வைத்தார். விறகு அடுக்கியவர்களுக்குத் தோராயமாகவேனும் எண்ணிக்கை தெரிந்திருக்கும். முதலில் பீஜப்பூர் பீரங்கிகள் முன்வரிசையைச் சிதைத்தன, ராயரே குதிரையில் ஏறி இரண்டாம் அணியை நடத்திப் போனார் என்ற விவரத்தோடும் அந்த இழப்பு ஒத்துப்போகிறது. பீஜப்பூர்க்காரர்களோ ஓடும்போது ஆற்றில் மூழ்கினார்கள். அவர்களை யாரும் எண்ணவில்லை.

யார் யாரோடு மோதினார்கள் என்பதிலும் எளிதான கோடு கிடையாது. சுல்தானின் தளபதி சலாபத்கானிடம் போர்ச்சுக்கீசிய வீரர்கள் இருந்தார்கள். அப்புறம் ராய்ச்சூர்க் கோட்டை முற்றுகையில் ராயருக்காகத் துப்பாக்கி பிடித்தவர்கள் கிறிஸ்தோவாவோ த பிகெய்ரேதோவும் அவருடைய போர்ச்சுக்கீசிய ஆட்களும்தான். இந்துப் படை, முஸ்லிம் படை என்று இரண்டு பெட்டி போட்டு எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதைப் படிக்க வேண்டும்.

போர்களைப் பட்டியல் போட்டு எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: இழப்பு என்ற கட்டத்தில் 16,000 என்று போடுங்கள், பக்கத்திலேயே 'விஜயநகரம் மட்டும், நூனிஸ் சொன்னது' என்றும் போடுங்கள். பீஜப்பூர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.